டோசன்: கம்பனி கட்டிய ஊர், கம்பனி கலைத்த ஊர்

(தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நடந்த ஒருநாள் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



ஒரு நாள் பேரை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். அந்தப் பேருக்குப் பெறுமதியான எதையாவது உங்கள் கையில் கொடுத்து அனுப்புவது எங்கள் பொறுப்பு.

இன்றைக்கு வீட்டுக் காணி உறுதியைப் பற்றிப் பேசுவதாக இருந்தோம். தோட்டங்களுக்கு நாங்கள் வரும்போது பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் துரை நல்லவர். கூரை ஒழுகினால் தகரம் தருகிறார். லைட் இருக்கிறது, தண்ணி வருகிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருக்கிறோம். உறுதிக்காக ஏன் இத்தனை போராட்டம்?" என்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். இதற்குச் சட்டப் புத்தகத்தைத் திறந்து பதில் சொல்லலாம். அதைவிட ஒரு ஊரின் வரலாற்றைச் சொல்வது மேல் என்று நினைத்தோம். அந்த ஊரில் தேயிலை இல்லை. அங்கே தோண்டியது நிலக்கரி. கடல் கடந்து, வெகு தூரத்தில் இருந்த ஊர். ஆனால் லயத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அந்த ஊரின் கதை விளங்கும்.

ஊர் உண்டான விதம்

அமெரிக்காவின் தென்மேற்கில் நியூ மெக்சிகோ என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் வடகிழக்குப் பகுதியில், மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் டோசன் என்ற ஊர் இருந்தது. முதலில் அது மாட்டுப் பண்ணை. ஜோன் பார்க்லி டோசன் என்ற பண்ணையாளருக்குச் சொந்தமான நிலம். நிலத்துக்கு அடியில் நல்ல நிலக்கரி கிடந்தது. 1901ஆம் ஆண்டு அவர் நிலத்தை ஒரு நிலக்கரிக் கம்பனிக்கு விற்றார். ரயில் பாதை வந்தது. சுரங்கம் திறந்தார்கள்.

1906ஆம் ஆண்டு பெல்ப்ஸ் டொட்ஜ் என்ற பெரிய செம்புக் கம்பனி சுரங்கத்தையும் ஊரையும் சேர்த்து வாங்கியது. செம்பை உருக்குவதற்குக் கடும் சூடு தரும் கரி வேண்டும். நிலக்கரியைச் சூளையில் சுட்டால் அந்தக் கரி கிடைக்கும். ஆகவே டோசனில் சுரங்கங்களோடு வரிசை வரிசையாகச் சூளைகளும் எரிந்தன.

வேலைக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? இத்தாலியில் இருந்து, கிரேக்கத்தில் இருந்து, மெக்சிகோவில் இருந்து, ஐரோப்பாவின் வேறு பல நாடுகளில் இருந்து வந்தார்கள். பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்கள். பலருக்கு ஆங்கிலம் தெரியாது. முன்னே வந்தவர் பின்னே தம்பியையும் மச்சானையும் கூப்பிட்டுக்கொண்டார். நம் பாட்டன் பாட்டி மலைக்கு ஏறிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஊர் பெருகிய காலத்தில் ஏறத்தாழ 6000 பேர் அங்கே வாழ்ந்தார்கள். வீடுகள் கம்பனி கட்டியவை. கடை கம்பனியின் கடை. வைத்தியசாலையும் கம்பனியுடையது. நாடக அரங்கு இருந்தது, நீச்சல் குளம் இருந்தது, பேஸ்போல் மைதானம் இருந்தது, கோல்ப் மைதானம்கூட இருந்தது. அந்தக் காலத்து வேறு சுரங்க ஊர்களோடு ஒப்பிட்டால் டோசன் வசதியான ஊர் என்றே பேரெடுத்திருந்தது. கம்பனி தன் தொழிலாளரை ஓரளவு நன்றாகவே பார்த்துக்கொண்டது என்று அங்கே வாழ்ந்தவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

இதை நாங்கள் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொடுமையான கம்பனியின் கதையைச் சொன்னால், "எங்கள் தோட்டம் அப்படி இல்லையே" என்று நீங்கள் எழுந்து போய்விடலாம். டோசன் நல்ல கம்பனியின் ஊர். அந்த நல்ல ஊரில் என்ன நடந்தது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இரண்டு வெடிப்புகள்

1913ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி. டோசனின் இரண்டாம் இலக்கச் சுரங்கத்துக்குள் அன்று காலை 280க்கும் மேற்பட்டவர்கள் இறங்கியிருந்தார்கள். பிற்பகல் மூன்று மணியளவில் சுரங்கம் வெடித்தது. 263 பேர் மாண்டார்கள். 23 பேர் மட்டுமே உயிரோடு வெளியே வந்தார்கள். உள்ளே இருந்தவர்களை மீட்கப் போனவர்களிலும் இருவர் உயிரிழந்தார்கள். இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இத்தாலியர். அமெரிக்கச் சுரங்க வரலாற்றில் உயிரிழப்பில் இரண்டாவது பெரிய விபத்து இது.

எப்படி நடந்தது? நிலக்கரியை உடைக்கும்போது மாவு போலத் தூள் பறக்கும். அந்தத் தூள் தரையிலும் சுவரிலும் மரத் தாங்குகளிலும் படிந்து கிடக்கும். படிந்து கிடக்கிற தூளால் உடனடி ஆபத்து இல்லை. ஏதோ ஒரு அதிர்ச்சியில் அது காற்றில் கிளம்பி, ஒரு நெருப்புப் பொறியும் பட்டால், காற்றே தீப்பிடித்தது போல வெடிக்கும். முதல் வெடிப்பு அடுத்த இடத்தில் கிடக்கும் தூளைக் கிளப்பும். அதுவும் வெடிக்கும். இப்படியே சுரங்கம் முழுவதும் தீ ஓடும். தீ படாதவர்களைப் பின்னால் பரவும் நச்சுப் புகை கொன்றுவிடும்.

இதைத் தடுக்க வழி தெரியாமல் இல்லை. தூளுக்குத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். பாறையை உடைக்க வெடி வைப்பதானால் ஆட்கள் எல்லோரும் வெளியே வந்த பிறகே வைக்க வேண்டும். அன்று சுரங்கத்துக்குள் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தபோதே ஒரு வெடி வைக்கப்பட்டது. அதுதான் தூளைப் பற்ற வைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெடிப்புக்குச் சில நாட்களுக்கு முன்புதான் அரசாங்கத்தின் சுரங்கப் பரிசோதகர் அங்கே வந்து பார்த்துவிட்டு, சுரங்கம் நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். பரிசோதனை நடந்தது. அறிக்கையும் இருந்தது. ஆனால் பரிசோதகர் போன பிறகு, அன்றாடம் உள்ளே நடப்பதைப் பார்த்து "இது விதிக்கு மாறானது, நிறுத்துங்கள்" என்று சொல்லும் அதிகாரம் தொழிலாளியிடம் இல்லை.

பத்து வருடம் போனது. 1923ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் திகதி. இந்த முறை முதலாம் இலக்கச் சுரங்கம். நிலக்கரி ஏற்றும் வண்டித் தொடர் ஒன்று தண்டவாளத்தை விட்டு விலகி மரத் தாங்குகளில் மோதியது. தூள் கிளம்பித் தீப்பிடித்தது. ஏறத்தாழ 120 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் 1913ஆம் ஆண்டு இறந்தவர்களின் பிள்ளைகள்.

அப்பன் செத்த ஊரிலேயே மகன் ஏன் சுரங்கத்துக்குள் இறங்கினான் என்று கேட்கலாம். சுரங்கத்தில் வேலை செய்கிறவர் வீட்டில் இருந்தால்தான் அந்த வீட்டில் குடியிருக்க முடியும். "பேர் பதிய ஒருவராவது வேண்டும், இல்லாவிட்டால் காம்பரா போய்விடும்" என்று சொல்லிப் பிள்ளையின் படிப்பை நிறுத்திய குடும்பங்களை நமக்குத் தெரியும். சொந்தம் இல்லாத வீடு அடுத்த தலைமுறையையும் அதே வேலைக்குள் இழுத்துக்கொள்ளும்.

நமது மலையகத்திலும் இந்தப் பாடம் எழுதப்பட்டிருக்கிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, சனம் லயத்தில் இருந்தது. போவதற்குச் சொந்தமாக வேறு இடம் இல்லாதவர்களிடம் "இது ஆபத்தான இடம்" என்று மட்டும் சொல்லி என்ன பயன்?

வீடு கம்பனியுடையது என்றால்

டோசனில் முதல் வெடிப்பு நடந்த அதே 1913ஆம் ஆண்டில், மலைக் கணவாய்க்கு வடக்கே, பக்கத்து மாநிலமான கொலராடோவின் நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். செப்டெம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் அது.

அவர்களுடைய கோரிக்கைகளைக் கேளுங்கள். எங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும். சம்பளம் கூட வேண்டும். எட்டு மணித்தியால வேலை நாள் வேண்டும். நிலக்கரியை நிறுக்கும்போது தொழிலாளர் தெரிவு செய்த ஒருவர் தராசுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தாங்கு நாட்டுவது, தண்டவாளம் போடுவது போன்ற கணக்கில் வராத வேலைகளுக்கும் கூலி வேண்டும். விரும்பிய கடையில் சாமான் வாங்க, விரும்பிய வீட்டில் குடியிருக்க, விரும்பிய வைத்தியரிடம் போக உரிமை வேண்டும். ஏற்கனவே இருக்கிற சுரங்கச் சட்டங்களை நடைமுறைப்படுத்த வேண்டும்.

தராசுக் கோரிக்கையைக் கேட்டதும் உங்களில் பலர் சிரிப்பதைப் பார்க்கிறோம். கொழுந்து மடுவத்தில் தண்ணிக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை கிலோ என்று வெட்டும்போது தராசுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவரின் மனம் என்ன பாடுபடும் என்பது உங்களுக்குத் தெரியும். நிலக்கரித் தொழிலாளிக்கும் தொன் கணக்கில்தான் கூலி. நிறுத்ததும் கம்பனி, எழுதியதும் கம்பனி.

வேலைநிறுத்தம் தொடங்கியவுடன் கம்பனிகள் என்ன செய்தன? குடும்பங்களை வீட்டை விட்டு வெளியேற்றின. வீடு அவர்களுடையது, சட்டம் அவர்கள் பக்கம். கட்டில், சட்டி பானை, பிள்ளை குட்டியோடு சனம் தெருவுக்கு வந்தது. தொழிற்சங்கம் முன்கூட்டியே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூடாரம் போட்டிருந்ததால்தான் அவர்களுக்கு ஒதுங்க ஒரு இடம் கிடைத்தது. லட்லோ என்ற இடத்தில் ஏறத்தாழ 1200 பேர் பனிக்காலம் முழுவதும் கூடாரத்தில் இருந்தார்கள்.

1914ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி மாநிலத்தின் ஆயுதப் படையும் கம்பனிகளின் காவலர்களும் அந்தக் கூடாரங்களைச் சுட்டு எரித்தார்கள். துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து ஒரு கூடாரத்தின் கீழே தோண்டிய குழிக்குள் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 பிள்ளைகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். தொழிலாளர் தலைவர்களில் ஒருவரான கிரேக்கர் லூயிஸ் டிக்காஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில், சங்க அங்கீகாரம் கிடைக்காமலே வேலைநிறுத்தம் முடிந்தது. பின்னர் அந்த நிலத்தைச் சுரங்கத் தொழிலாளர் சங்கமே வாங்கி, 1918ஆம் ஆண்டு நினைவுச் சின்னம் எழுப்பியது. அது இன்றும் நிற்கிறது. சங்கத்துக்குச் சொந்தமான நிலம் என்பதால் அதை எவரும் பெயர்த்துப் போட முடியவில்லை.

டோசனில் இருந்த சுரங்கத் தொழிலாளியும் இதையெல்லாம் கேள்விப்பட்டிருப்பான். வாய் திறந்தால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். நல்ல வீடாக இருந்தால் இழக்கும் பயம் இன்னும் அதிகம்.

ஊர் கலைந்த விதம்

ரயில் இயந்திரங்கள் நிலக்கரியை விட்டு டீசலுக்கு மாறின. நிலக்கரிக்குக் கேள்வி குறைந்தது. 1950ஆம் ஆண்டு கம்பனி டோசன் சுரங்கங்களை மூடியது. கணக்குப் பார்க்கும் கம்பனிக்கு அது ஒரு வியாபார முடிவு. அதில் நாங்கள் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. சுரங்கம் என்றால் ஒருநாள் மூடத்தான் செய்வார்கள்.

ஆனால் சுரங்கத்தோடு ஊரும் மூடியது. ஊர் முழுவதையும், கட்டடங்களோடு சேர்த்து, உடைத்துப் பொருள் எடுக்கும் கம்பனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். சில வீடுகளைப் பெயர்த்து வேறு ஊர்களுக்குக் கொண்டு போனார்கள். மற்றவற்றை இடித்தார்கள். நாற்பது ஐம்பது வருடம் அங்கே வாழ்ந்த குடும்பங்கள், அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே தம் பெரியவர்களைப் புதைத்தவர்கள், சில மாதங்களுக்குள் கிளம்பிப் போனார்கள். "இது எங்கள் வீடு, நாங்கள் இங்கேயே இருந்துகொண்டு பக்கத்து ஊரில் வேறு வேலை பார்க்கிறோம்" என்று சொல்ல ஒரு குடும்பத்துக்கும் காகிதம் இல்லை.

கம்பனி அவர்களை ஏமாற்றவில்லை.  வீடு அவர்களுடையது என்று ஒருநாளும் சொன்னதே இல்லை. தோழர்களே, நல்ல துரையைப் பற்றிய கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். துரையின் நல்ல மனம் துரை இருக்கும் வரைக்கும்தான். துரை மாறுவார், கம்பனி கைமாறும், தேயிலை விலை விழும், தொழிற்சாலையை மூடுவார்கள், மலை காடாகும். சேவைக்காலப் பணத்தை எண்ணிக் கையில் கொடுத்தாலும், அடுத்த மாதம் எந்த வாசலில் அடுப்பு மூட்டுவது என்பதற்கு அது பதில் ஆகாது.

டோசனில் கலையாமல் நிலைத்தது ஒன்று உண்டு. அது மயானம். இரண்டு வெடிப்புகளிலும் இறந்தவர்களுக்காக நட்ட வெள்ளை நிற இரும்புச் சிலுவைகள் அங்கே நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. 1992ஆம் ஆண்டு அந்த மயானத்தை அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். உயிரோடு இருந்தவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு பேர்ச் காணியும் சொந்தமாகவில்லை. ஆறடி நிலம் செத்தவர்களுக்கு மட்டும் நிலைத்தது.

அழியாமல் போனது

டோசன் ஆட்கள் திக்குத் திக்காகச் சிதறினாலும் தொடர்பு விட்டுப் போகவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அமெரிக்கத் தொழிலாளர் தினத்தை ஒட்டி, முன்னாள் ஊரவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த வெறும் நிலத்தில் கூடிச் சாப்பிட்டுப் பேசிப் பிரிவது பழக்கமானது. ஊர் என்றால் கட்டடம் மட்டும் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். மாதர் தலைவிகள் இதைக் கேட்டு வையுங்கள். 1930ஆம் ஆண்டு டோசனில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அதன் பெயர் டொலோரஸ் ஹுவெர்டா. தந்தை ஜுவான் பெர்னாண்டஸ் சுரங்கத் தொழிலாளி, தொழிற்சங்கக்காரர், 1938ஆம் ஆண்டு மாநிலச் சட்டசபைக்கும் தெரிவானவர். பிள்ளை சிறு வயதிலேயே தாயோடு கலிபோர்னியாவுக்குப் போய் அங்கே வளர்ந்தது.

1962ஆம் ஆண்டு டொலோரஸ் ஹுவெர்டாவும் சீசர் சாவேஸும் சேர்ந்து தோட்டப் பண்ணைத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார்கள். 1965ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது இந்தச் சங்கமும் சேர்ந்துகொண்டது. ஐந்து வருடப் போராட்டம். கடைகளில் அந்தத் திராட்சையை வாங்க வேண்டாம் என்று நகரத்துச் சனத்திடம் போய்ச் சொன்னார்கள். இலட்சக்கணக்கானோர் வாங்குவதை நிறுத்தினார்கள். 1970ஆம் ஆண்டு முதலாளிமார் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பேச்சுவார்த்தை மேசையில் தொழிலாளர் பக்கம் முன்நின்று பேசியவர் டோசனில் பிறந்த அந்தப் பெண்தான். டோசன் குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்தவர் வேறொரு மண்ணில், வேறொரு பயிரில், கொழுந்து பறிக்கும் நம் பெண்களைப் போன்ற தொழிலாளருக்காக நின்றார்.

நாம் செய்ய வேண்டியது

கேட்டுவிட்டுக் கலைந்து போவதற்காக இந்தக் கதையைச் சொல்லவில்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னர் மூன்று காரியங்கள் செய்து வர வேண்டும்.

முதலாவது, வீடு. லயம் லயமாகப் போய் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்தக் குடும்பத்திடம் உறுதி இருக்கிறது, எந்தக் குடும்பத்திடம் வெறும் கடிதம் இருக்கிறது, எந்தக் குடும்பத்திடம் ஒன்றுமே இல்லை. புதிய வீட்டுக்குக் குடிபோனவர்களையும் விட்டுவிடாதீர்கள். புது வீட்டில் இருக்கிறோம் என்ற சந்தோஷத்தில் உறுதியைக் கேட்க மறந்தவர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள், விதவைகள், தோட்டத்தில் பேர் இல்லாதவர்கள் குடியிருக்கும் வீடுகளைத் தனியாகக் குறியுங்கள். முதலில் அசைக்கப்படுவது அவர்கள்தான்.

இரண்டாவது, தராசு. கொழுந்து நிறுக்கும்போது தொழிலாளர் பக்கம் இருவர் நின்று எழுதுங்கள். நிறுத்தது எவ்வளவு, வெட்டியது எவ்வளவு, துண்டில் விழுந்தது எவ்வளவு. சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். ஒரு மாதக் கணக்கு எழுத்தில் இருந்தால் பேச்சுவார்த்தையில் அதற்குப் பெறுமதி உண்டு.

மூன்றாவது, ஆபத்து. வெடித்த சுவர், லயத்துக்கு மேலே சரியும் மண், விழப் போகிற மரம், மலையில் குளவிக் கூடு, கையுறை இல்லாமல் மருந்து அடிக்கும் ஆட்கள். கண்ணில் பட்டதைத் திகதி போட்டு எழுதித் துரையிடம் கொடுங்கள். பிரதியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச் சொல்லாகச் சொன்ன எச்சரிக்கையை நாளைக்கு எவரும் கேள்விப்படவில்லை என்பார்கள்.

பரிசோதகர் வருவார், போவார். அரசாங்கமும் மாறும். தோட்டத்தில் அன்றாடம் இருக்கிறவர்கள் நீங்கள். டோசன் தொழிலாளிக்கு அவன் வாழ்ந்த காலத்தில் இதைச் செய்ய வழி இருக்கவில்லை. நமக்குச் சங்கம் இருக்கிறது, வாக்கு இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். கொப்பியும் பேனையும் இன்று போகும்போது வாசலில் தருகிறோம். அடுத்த மாதம் அவை வெறுமையாக வரக் கூடாது.